பச்சை நாடாவை அவிழ்த்தேன்

பிரசவ வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு மங்கா எழுதுகிறேன். உங்கள் வார்டில் முப்பத்திரண்டு வருஷம் ஆயாவாக இருந்தவள். எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும், இனி எனக்கு என்ன அவசரம்? உங்களில் படிக்கத் தெரிந்தவள் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

வெந்நீர் எப்போது வைப்பது, விரிப்பை எப்படி மாற்றுவது என்பதையெல்லாம் நர்ஸம்மா சொல்லிக் கொடுப்பார். அதை நான் எழுதப்போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைத்தான் எழுதுகிறேன். மருந்தை மாற்றிக் கொடுத்த தப்பு இல்லை. கையிலிருந்து குழந்தையை நழுவவிட்ட தப்பும் இல்லை. அப்படி என் கையால் எதுவும் நடந்ததில்லை, அதைத் தலைநிமிர்ந்து சொல்வேன். ஆனால் ஒரு பெண் பிள்ளை பெற்ற அன்றைக்கே புருஷன் வீட்டை இழக்க இருந்தாள். அது என் வாயால் வந்த வினை. என் காதால் வந்தது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

அந்தப் பெண்ணின் பெயரையும் ஊரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

முதல் ஜெர்மன் சண்டைக்கு முன்னால் நடந்தது இது. அப்போதும் நம் வார்டுக்கு எல்லாரும் வருவார்கள். வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கிய தண்டுப் பக்கம், அதன் பின்னாலேயே வந்து குடியேறிய எங்களைப் போன்ற தமிழர்கள், பழைய ஊரான பேட்டைப் பக்கத்துக் கன்னடத்துக்காரர்கள், தெலுங்குச் செட்டிமார் வீட்டுப் பெண்கள், மசூதித் தெருவிலிருந்து உருது பேசுகிறவர்கள். டாக்டரம்மா வெள்ளைக்காரி. தமிழில் அவருக்குத் தெரிந்தது மூன்றே வார்த்தை: “மூச்சு விடு”, “தள்ளு”, “பயப்படாதே”. ஆகையால் கட்டில் பக்கத்தில் நிற்கிற ஆயாதான் அவருக்கு வாய், படுத்திருப்பவளுக்குக் காது.

எந்தக் கட்டிலுக்கு எந்த ஆயா போவது என்று தெரியவேண்டுமே. தலைமாட்டுப் பலகையில் இங்கிலீஷில் எழுதியிருக்கும். அதை எங்களில் யார் படிப்பது? அதனால் டாக்டரம்மா ஒரு வழி செய்திருந்தார். கட்டில் காலில் ஒரு நாடா கட்டுவோம். தமிழுக்குச் சிவப்பு, கன்னடத்துக்குப் பச்சை, தெலுங்குக்கு மஞ்சள், உருதுக்கு வெள்ளை. வந்து படுத்ததும், “எந்தப் பேச்சில் பேசட்டும் அம்மா?” என்று கேட்டு நாடாவைக் கட்டுவது என் வேலை. நான்கும் எனக்குத் தெரியும். இங்கிலீஷும் வார்டுக்கு வேண்டிய மட்டும் புரியும். நான்கு நாடாவுக்கும் போகக்கூடிய ஆயா அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருத்திதான்.

அந்தக் கர்வத்தில் ஒரு விளையாட்டு வேறு வைத்திருந்தேன். வந்தவள் சொல்கிற பாஷை உண்மையா என்று கண்டுபிடிப்பது. என்னோடு வேலை பார்த்த ஆரோக்கியம் கிறிஸ்தவ வேதக்காரப் பெண். அவளுக்கும் எனக்கும் பந்தயம் நடக்கும். தோற்றவள் இரண்டு வெற்றிலை தரவேண்டும். ஒரு தடவை குமாஸ்தா வீட்டு அம்மாள் ஒருத்தி, “எங்களுக்குக் கன்னடம் ஒன்றுதான்” என்று கெட்டியாகச் சொல்லிவிட்டுப் படுத்திருந்தாள். ஜன்னலிலிருந்து பூனை ஒன்று கட்டில்மேல் குதித்தது. அவள் அலறின அலறல் முழுக்கத் தெலுங்கு. நானும் ஆரோக்கியமும் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்த அம்மாள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

வார்டில் ஒரு பேச்சு உண்டு: “வலியில வர்ற பாஷைதான் பெத்தவ குடுத்த பாஷை.” யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. நான் அதை வேதவாக்காக வைத்திருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் புட்டம்மா வந்தாள். இருபது வயது இருக்கும். ஆனேக்கல் போகிற வழியில் சந்தாபுரா என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கீரையும் அவரையும் போடுகிற குடியானவர் வீட்டு மருமகள். இரண்டு நாள் வலி, ஊர் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். புருஷன் வண்டி கட்டிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, களத்து வேலை கிடக்கிறது என்று திரும்பிப் போய்விட்டான். கூட இருந்தது மாமியார் ஒருத்திதான். நெடுநெடுவென்று உயரம், கையில் மண் ஏறிய ரேகை, கண்ணில் எதுவும் தப்பாது. அவர்கள் கன்னடத்தில் பேசியதையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். அப்படியே சொன்னால்தான் ருசிக்கும் என்கிற இடத்தில் மட்டும் கன்னடத்தில் எழுதுகிறேன்.

“எந்தப் பேச்சும்மா?” என்று கேட்டேன்.

“கன்னட” என்றாள் புட்டம்மா. அந்த வலியிலும் ஒரே வார்த்தையில், பட்டென்று.

பச்சை நாடாவைக் கட்டினேன். மாமியார் குனிந்து பார்த்தாள்.

“இது எதுக்கவ்வா? காப்பா?”

விவரம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க ஊர்ல மாட்டுக்குக் கொம்புல வர்ணம் அடிப்போம். உங்க ஊர்ல மனுசிக்குக் காலுலயா?” என்றாள். மற்ற மூன்று வர்ணமும் என்ன என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வராந்தாவுக்குப் போனாள்.

புட்டம்மாவின் புடவை நனைந்திருந்தது. நான் ஆரோக்கியத்திடம் தமிழில், “இவ கைய தூக்கினா புடவைய உருவிடலாம்டி” என்றேன். கன்னடத்தில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கையைத் தூக்கினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் ஆரோக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். “பாத்தியா? இவ நம்ம பொண்ணுடி.”

“போடி, தற்செயலா தூக்கியிருப்பா. அவ கன்னடத்த கேட்டல்ல? வெண்ணெயாட்டம் வருது.”

“ரெண்டு வெத்தல.”

“நாலா வெச்சிக்கோ. பாக்கும் சேத்து” என்றாள் ஆரோக்கியம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பந்தயம் மட்டும் இல்லை. எனக்கு உள்ளே கோபமும் இருந்தது. பெற்றவள் கொடுத்த பேச்சைச் சொல்லிக்கொள்ள இவளுக்கு என்ன வெட்கம் என்று நினைத்தேன். என் தகப்பனார் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் புல் அறுக்க வந்தவர். நான்கு பாஷைக்காரர்கள் நடுவில் நாங்கள் வாழ்ந்தோம், ஒரு நாளும் எங்கள் தமிழை மறைத்ததில்லை. இவள் மட்டும் என்ன?

மறுநாள் உச்சிப்பொழுதில் பிரசவம். குழந்தை கால்பக்கமாக வந்தது. டாக்டரம்மாவின் முகம் சலவைத் துணி மாதிரி வெளுத்திருந்தது. நான் தலைமாட்டில் நின்று அவர் சொன்னதையெல்லாம் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வலியில் புட்டம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை.

தமிழ்! சுத்தமான ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழ். எங்கள் வீட்டில் பேசுகிற அதே தமிழ்.

என்ன சொல்லிக் கத்தினாள் என்று கேட்பீர்கள். அன்றைக்கு அது என் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. தமிழ் என்பது மட்டும்தான் போனது.

ஆண் குழந்தை. அழுதது, நல்லபடியாகவே அழுதது. அதைக் கழுவி எடுத்துக்கொண்டு வெளியே வந்த நான் முதலில் சொன்னது என்ன தெரியுமா? “ஆரோக்கியம், எட்றி வெத்தலைய!”

அவளைக் கட்டிலுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தோம். அசந்து தூங்கினாள். நான் குனிந்து பச்சை நாடாவை அவிழ்த்தேன். சிவப்பைக் கட்டினேன். யாரும் சொல்லவில்லை, யாரையும் கேட்கவில்லை. தொலைந்துபோன பொருளை உடையவளிடம் சேர்க்கிறோம் என்கிற நினைப்பு.

நாலு மணிக்குப் பார்க்க வருகிறவர்களுக்கு மணி அடிப்பார்கள். மாமியார் தலையில் எண்ணெய் தடவி, புடவை மாற்றி, சுத்தமாக வந்தாள். குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காது மடலைத் தடவினாள், நெற்றியை முகர்ந்தாள். “இவங்க தாத்தன் மூக்கு” என்றாள். அப்புறம்தான் கட்டில் காலைப் பார்த்தாள்.

“ஏனவ்வா, பச்சை எங்க?”

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். “உங்க மருமகளுக்கு இவ்வளவு நல்லா தமிழ் வரும்னு சொல்லவேயில்லையே அம்மா! வலியில எங்க ஊர்த் தமிழ் கொட்டிச்சு. தமிழ்ப் பொண்ணு வீட்டுல இருக்குதுன்னு மறைச்சிட்டீங்களே!”

சொல்லி முடிப்பதற்குள் புட்டம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவள் விழித்திருந்தாள். மேலே விழப்போகிற சுவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமியாருக்கு இது தெரியாது. தங்கள் ஜாதிப் பெண் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறாள்! நான் அவசரமாகத் திருப்பினேன்.

“அது ஒண்ணும் இல்லம்மா. நான்தான் பக்கத்துல நின்னு தமிழ்ல கத்திக்கினே இருந்தேன். வலியில பக்கத்துல கேக்கறதுதான் வாயில வரும். கிளிப்பிள்ளை மாதிரி...”

“நீ சும்மா இரு” என்றாள் மாமியார். தமிழில் சொன்னாள். ஓசூர் சந்தைக்கு முப்பது வருஷமாகக் காய் கொண்டுபோகிறவளுக்குத் தமிழ் தெரியாமல் இருக்குமா? குழந்தையை மடியிலிருந்து எடுத்துத் தாயின் பக்கத்தில் வைத்தாள்.

“ஏ புட்டம்மா. உன்ன பெத்தவ யாரு?” இதையும் தமிழிலேயே கேட்டாள்.

புட்டம்மா கன்னடத்தில் பதில் சொன்னாள். “நன்ன தாயி சொப்பு மார்த்தித்த லச்சுமவ்வா.” கீரை விற்ற லட்சுமவ்வாதான் என் தாய்.

“நான் கேட்டது வளத்தவள இல்ல. பெத்தவள.”

புட்டம்மா அதே வாக்கியத்தை மறுபடி சொன்னாள். குரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் பொய் சொல்வதுபோல எனக்குத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

மாமியார் எழுந்து வெளியே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலுக்குப் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் கூட வந்தவர்கள் அடுப்பு மூட்டித் தங்குவார்கள். அங்கே போய் மூட்டையை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். காலையில் சந்தைக்கு வந்த வண்டிகள் ஐந்து மணிக்கு ஆனேக்கல் பக்கம் திரும்பும். அதில் ஒன்றில் அவள் ஏறிவிட்டால், நான் சொன்ன வார்த்தையும் அவளோடு ஊருக்குப் போய்ச் சேரும். அப்புறம் புட்டம்மாவைக் கூட்டிப்போக வண்டி வராது. வளர்த்த லட்சுமவ்வாவும் செத்துப்போய்விட்டாள் என்று புட்டம்மா முந்தின நாளே சொல்லியிருந்தாள். கைக்குழந்தையோடு அவள் எங்கே போவாள்?

டாக்டரம்மா சுற்றுக்கு வந்தார். குழந்தை அழுகிறது, தாய் அதைத் தொடாமல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். “என்ன நடந்தது?” என்று இங்கிலீஷில் கேட்டார். மறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“யாரைக் கேட்டு நாடாவை மாற்றினாய்?”

“வலியில தமிழ் வந்துச்சும்மா.”

“சரி. வந்த தமிழ் என்ன சொன்னது?”

முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நோயாளி சொன்னதை டாக்டருக்குச் சொல்ல முடியாமல் நான் நின்றது அன்று ஒரு நாள்தான். மெதுவாக நினைவைத் துழாவினேன். என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்த இடம் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

“அடிக்காத சித்தப்பா. இனிமே ஓட மாட்டேன். அடிக்காத சித்தப்பா.”

இதைத்தான் கத்தினாள். நாலைந்து தடவை. அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் வெற்றிலை கேட்டிருக்கிறேன்.

டாக்டரம்மாவுக்கு அதை இங்கிலீஷில் சொல்லவேண்டுமே. “டோன்ட் பீட், அங்கிள்” என்றேன். அதற்குமேல் எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

“அவள் யார் என்று எனக்குச் சொல்வதற்கு இந்த நாடா இல்லை, மங்கா. எந்தப் பேச்சில் பேசினால் அவள் பயப்படமாட்டாள் என்று நமக்குத் தெரிவதற்கு. அதை அவள்தான் முதல் நாளே சொன்னாளே.”

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இதை நீதான் சரிசெய்யவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

நான் புட்டம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கன்னடத்தில் பேசினேன். “நாடா எது கட்டட்டும்?” என்று கேட்டேன். முதலில் கேட்டிருக்கவேண்டியதைக் கடைசியில் கேட்டேன். அவள் பச்சையைக் காட்டினாள். கட்டினேன். அதற்கப்புறம்தான் அவள் பேசினாள்.

பிளேக் வந்த வருஷம் ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு ஜனங்களை அங்கே வைத்திருந்தார்கள். அங்கே அவளைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அப்போது அவளுக்கு ஆறேழு வயது. சித்தப்பன் ஒருவன் கூட்டிப்போய்ச் செங்கல் சூளையில் தண்ணீர் தூக்கவைத்தான். அடி என்றால் அப்படி இப்படி அடி இல்லை. ஒரு நாள் ஓடினாள், பிடித்து வந்தான். இன்னொரு நாள் ஓடினாள், பேட்டைச் சந்தை வரைக்கும் போய்விட்டாள். கீரைக்கட்டுகளை மூடி வைத்திருந்த ஈரச் சாக்குக்குள் புகுந்து தூங்கியவளை லட்சுமவ்வா எழுப்பினாள். பெயர் கேட்டாள், இவள் சொல்லவில்லை. கன்னடத்தில் சின்னப்பெண் என்று அர்த்தம் வருகிற பெயரால் கூப்பிட்டாள்; நான் எழுதுகிற புட்டம்மாவுக்கும் அதே அர்த்தம்தான். அதே பெயர் நின்றுவிட்டது. பல மாதம் இவள் வாயே திறக்கவில்லையாம். திறந்தபோது கன்னடம் வந்ததாம்.

“ரெண்டு வருஷம் கழிச்சு அவன் சந்தைக்கு வந்தான்” என்றாள். “தமிழ்ப் பொண்ணு ஒண்ணு இங்க சுத்துதான்னு கடைகடையா கேட்டுக்கிட்டு வந்தான். எங்க கூடைக்கு முன்னால வந்து நின்னான். என் முகத்தையே பார்த்தான். அவ்வா என்னைப் பார்த்து, ‘புட்டி, அவருக்கு என்ன கீரை வேணுமாம், கேளு’ன்னா. நான் கேட்டேன். கன்னடத்துல கேட்டேன். அவன் போயிட்டான்.”

மூன்று அடி தூரத்தில் அண்ணன் பெண்ணை வைத்துக்கொண்டு, அவள் பேச்சைக் கேட்டு வேறு யாரோ என்று போயிருக்கிறான்.

“அப்புறம் ஏம்மா வலியில தமிழ் வந்துச்சு?” என்று கேட்டேன். புத்தி வரவில்லையே என்று நினைக்காதீர்கள். இந்தத் தடவை உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

“வலின்னா எனக்கு அவன்தான் எதிர்ல வந்து நிப்பான். அவனுக்குக் கன்னடம் தெரியாதே அக்கா. கன்னடத்துல கெஞ்சினா எப்படி விடுவான்?”

பெற்றவள் கொடுத்த பாஷை என்று நான் வார்டு பூராவும் கூவினேனே, அது அவளுக்கு யார் கொடுத்த பாஷையாகப் போயிருந்தது பாருங்கள். என்னைத் தாலாட்டிய அதே தமிழ்தான். ஒரு வார்த்தைகூட வேறு இல்லை.

மணி நாலரை தாண்டிவிட்டது. வெளியே மாமியார் மூட்டையைக் கட்டி முடித்து, தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். எழுந்து ஓடத்தான் கால் துடித்தது. ஓடிப்போய் அவள் காலைப் பிடித்து, இன்னும் நாலு பொய் சேர்த்துச் சொல்லி, எப்படியாவது உட்காரவைத்துவிடலாம். ஒரு பொய் சொல்லிக் கெட்டது போதும் என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

“புட்டம்மா, உங்க அத்தைகிட்ட நான் போகட்டுமா? என்ன சொல்லணும்னு நீ சொல்லு. அத மட்டும் சொல்றேன். ஒண்ணும் சொல்லாதேன்னா சொல்லல.”

தெருவில் மாட்டுச் சலங்கை கேட்டது. எனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது, ஆனாலும் நகரவில்லை. கடைசியில் சொன்னாள். “நான் கத்தினதை அப்படியே சொல்லு. தமிழ்லயே சொல்லு. அவங்களுக்குப் புரியும். அதை என் வாயால இன்னொரு தடவை நான் சொல்ல மாட்டேன்.”

போனேன். மாமியார் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“லச்சுமவ்வா என்கிட்ட பதினஞ்சு வருஷம் கீரை வாங்கினவ” என்றாள் தெருவைப் பார்த்தபடி. “வாடினது ஒரு கட்டு இருந்தாலும் தனியா எடுத்து வெச்சுக் காட்டிட்டுத்தான் விப்பா. அப்படிப்பட்டவ என் பிள்ளைக்குப் பொண்ணைக் குடுக்கறப்போ, தன் சொந்தத்துல எடுத்து வளத்த பொண்ணுன்னு பொய் சொன்னாளே. ஏன் சொன்னா? சொல்லு. நீதான் எல்லாத்தையும் கண்டுபிடிக்கறவளாச்சே.”

அவளுக்கு வலித்த இடம் எது என்று அப்போதுதான் தெரிந்தது. ஜாதி கெட்டது என்பதைவிட, சிநேகிதி ஏமாற்றிவிட்டாள் என்பதுதான் அவளை அறுத்துக்கொண்டிருந்தது. லட்சுமவ்வாவுக்காக வாதாட எனக்கு ஆயிரம் வார்த்தை வந்தது. எதையும் சொல்லவில்லை. “உங்க மருமக வலியில என்ன சொன்னான்னு சொல்லச் சொன்னா. அத மட்டும் சொல்லிட்டுப் போறேன்” என்றேன். சொன்னேன். அவள் சொன்ன மாதிரியே, ஏற்றம் இறக்கம் ஒன்றும் நானாகச் சேர்க்காமல்.

“அடிக்காத சித்தப்பா. இனிமே ஓட மாட்டேன். அடிக்காத சித்தப்பா.”

மாமியார் மூட்டையைக் கீழே வைத்தாள். ஆனேக்கல் வண்டி ஒன்று வந்து நின்றது. வண்டிக்காரன், “ஏறறீங்களா அத்தே?” என்று குரல் கொடுத்தான். அவன் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மாட்டை ஓட்டினான்.

“அவன் உயிரோட இருக்கானா?” என்று கேட்டாள்.

“தெரியாதும்மா.”

“இவ முதுகுல தழும்பு இருக்கு. எண்ணெய் தேய்க்கறப்போ கேட்டேன். சின்ன வயசுல அடுப்புல விழுந்தேன்னா.” மரத்தைப் பிடித்துக்கொண்டாள். “அவன் தேடிக்கிட்டு வருவான்னுதான் லச்சுமவ்வா வாயத் திறக்கல. என்கிட்டகூட.” கடைசி வார்த்தையில் கோபம் இன்னும் இருந்தது. ஆனால் வேறு கோபம்.

உள்ளே வந்தாள். நான் பின்னால் நின்றேன். அவள் கட்டிலைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். கடைசியில் அதட்டலாகக் கேட்டாள்.

“ஹாலு பந்தேனே?” பால் வந்ததாடி?

புட்டம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். எந்தப் பாஷையும் இல்லாத அழுகை.

“அழுதா எப்படி வரும்? புள்ளைய எடு. வெச்சுப் பாரு” என்றாள் மாமியார். அன்றைக்கு அதற்கப்புறம் அவள் குழந்தையைத் தொடவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். மூன்றாம் நாள்தான் மறுபடி தூக்கினாள். மனசு என்ன, நாடாவா, அவிழ்த்த நிமிஷத்தில் மாற்றிக் கட்ட? ஊரில் கொழுந்தன்மாருக்குத் தெரியக்கூடாது, என் பிள்ளைக்குக்கூட நானே சமயம் பார்த்துச் சொல்வேன் என்று மருமகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

“நாலு பாஷை பேசறவளே. நாலுலயும் வாய மூடத் தெரியுமா?”

“இன்னைக்குக் கத்துக்கிட்டேம்மா” என்றேன்.

“பாப்போம்” என்றாள்.

அந்த மாமியார் காலமாகி வெகு வருஷம் ஆகிறது. அவள் இருந்த வரைக்கும் ஆரோக்கியத்திடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. எடுத்த வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தபோது, “இன்னாடி, ஜெயிச்சவ குடுக்கற?” என்று அவள் துருவித் துருவிக் கேட்டாள். “நான் ஜெயிக்கல” என்று மட்டும் சொன்னேன். அந்த விளையாட்டு அன்றோடு நின்றது.

உங்களுக்கு நான் சொல்வது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கட்டிலில் வந்து படுக்கிறவள் தன்னை எப்படிக் கூப்பிடச் சொல்கிறாளோ அப்படிக் கூப்பிடுங்கள். அவள் வேறு பாஷையில் கத்தினால், என்ன பாஷை என்று பார்ப்பதற்கு முன்னால் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். ஒருத்தி ஒரு பேச்சை விட்டுவிட்டாள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அது உங்களுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. தெரிந்துகொள்ள ஆசை வரும். எனக்கு வந்ததே. ஆசை வருவது தப்பில்லை.

பத்தாம் நாள் புருஷன் வண்டியோடு வந்தான். நல்ல வெயில். வைக்கோல் பரப்பி, மேலே கம்பளி போட்டு, புட்டம்மாவை ஏற்றினான். மாமியார் ஏறுவதற்கு முன் டாக்டரம்மாவைப் பார்த்துக் கும்பிட உள்ளே போனாள். அவனும் மூட்டையை எடுத்துவர மரத்தடிக்குப் போனான். வண்டியில் தாயும் பிள்ளையும்தான். நான் வாசல் குழாயடியில் வாளியோடு நின்றிருந்தேன். பத்தடி தூரம்கூட இருக்காது.

குழந்தை சிணுங்கியது. அழ ஆரம்பித்தது. பக்கத்தில் யாரும் இல்லை என்று புட்டம்மா ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். என்னை அவள் பார்க்கவில்லை. குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள், உதடு பிரிந்தது. தன் பிள்ளையிடம் தனியாக என்ன பேச்சில் பேசப்போகிறாள் என்று கேட்க என் காது தானாக நீண்டது. என் ஆயுசில் வேறு எதையும் தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

நான் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். தகர வாளியில் தண்ணீர் விழுந்த சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. வண்டி தெருக்கோடி திரும்பும் வரைக்கும், வாளி நிறைந்து வழிந்த பிறகும், மூடவில்லை.